வக்கீலம்மா சொன்ன என் கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு காரணம், இதில் வரும் நோய் அப்படிப்பட்டது. இன்னொரு காரணம், இதில் பாதி என் மகளுடையது. அவள் அதை என்னிடம் சொல்லவில்லை, வேறொருவரிடம் சொன்னாள். அவர் அதை, நான் அவளுடைய அப்பா என்று தெரியாமல், என்னிடம் சொன்னார். இப்போது நான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்ல குடும்பம்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடுமுறை நாட்களில் கதை எழுதுவேன். இன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் மகள் படிக்கிறாள். கல்லூரியில் கடைசி வருடம். இந்த வயதிலும் எங்களுக்கு அவள் பாப்பாதான்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

"அவருடைய இதயம் இனி அதிக நாள் தாங்காது என்று மருத்துவர் சொன்ன மாலையில், அவர் தன் பழைய கோட்டை அணிந்துகொண்டு—"

நிறுத்திவிட்டேன். என்னிடம் கோட்டே கிடையாது. தவிர, இதயம் கௌரவமான உறுப்பு. இதய நோயாளி மார்பில் கைவைத்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கலாம், பார்க்க வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். எழுதுகிறவனுக்கு எவ்வளவு வசதி!

இரண்டாவது தொடக்கம்: "மூட்டுவலியால் விரல்கள் மடங்கிப்போன அந்தச் சிற்பி—"

சிற்பியாம். எங்கிருந்து வந்தான் இவன்?

மூன்றாவது: "எனக்குப் பெருங்குடலில் புண். வயிற்றுப்போக்கும் ரத்தமும். பல வருடமாக இருக்கிறது. மருந்தில் அடங்கும், மறுபடி கிளம்பும், முழுசாகப் போகாது."

இதில் அழகு எதுவும் இல்லை. அடித்துவிடக் கை போனது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.*

(* வீட்டில் இதற்குப் பெயர் அல்சர். உண்மைப் பெயர் என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். பாப்பாவிடம் சொல்லக்கூடாது என்று அவளிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். கழிவறைக்குள் போனால், வெளியே சத்தம் கேட்காமலிருக்க, உரக்கப் பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுவேன். அப்பாவுக்குக் கணக்குப் பைத்தியம் என்று பாப்பா சின்ன வயதில் தோழிகளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெருமையை நான் கலைக்கவில்லை.)

மருத்துவர் ஒருமுறை சொன்னார்: "சார், இது குடும்பத்துல வரலாம். பிள்ளைங்களுக்கு இதே மாதிரி ஏதாவது தெரிஞ்சா தள்ளிப்போடாம கூட்டிட்டு வாங்க. சீக்கிரம் பாத்தா நிறைய சேதத்தைத் தவிர்க்கலாம்." நான் பலமாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

3

கதைக்குள் ஒரு சம்பவம் வேண்டும். இருக்கிறது.

தேர்வு அறையில் மேற்பார்வை. மாற்று ஆள் வராமல் அறையை விட்டு வெளியேறக் கூடாது என்பது விதி. தேர்வு பாதி நடக்கும்போது வயிறு கிளம்பிவிட்டது. வராந்தாவில் போன ஒரு பையனிடம் மாற்று ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன், யாரும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்புறம்—

[இந்த இடத்தை நான்கு முறை எழுதினேன். நான்கிலும் "அப்புறம்" வரைக்கும்தான் வந்தது. உங்களுக்கே புரிந்திருக்கும்.]

மணி அடித்தது. வழக்கமாக நானே வரிசை வரிசையாகப் போய் விடைத்தாள் வாங்குவேன். அன்று, "எல்லாரும் மேசையில வெச்சிட்டுப் போங்க," என்றேன். எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போனபின் விடைத்தாள் கட்டைத் தேடிக்கொண்டு அட்டெண்டர் வந்தார். வாசலில் ஒரு கணம் நின்றார். எதுவும் கேட்காமல் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். "நான் கட்டைக் கொண்டு போறேன் சார். நீங்க மெதுவா வாங்க. இந்தப் பக்கம் யாரும் வராம நான் பாத்துக்கறேன்," என்றார்.

அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்றிலிருந்து அந்த மனிதரின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். எதிரே வந்தால் கைபேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன்.

4

இந்தச் சம்பவத்தை முதன்முதலில் சொன்னது ஒரு வக்கீலம்மாவிடம். நான் போகும் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை, எங்களைப் போன்ற குடல்காரர்கள் வட்டமாக நாற்காலி போட்டு உட்காருவோம். (வீட்டில் நான் சொல்லியிருப்பது: எழுத்தாளர் சந்திப்பு.)

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் கதையைத் தானே சொல்வதில்லை. சீட்டுக் குலுக்கி இரண்டு இரண்டு பேராகப் பிரிவோம். மூலையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். பிறகு வட்டத்தில், அவர் கதையை நானும் என் கதையை அவரும் "நான்" என்றே சொல்ல வேண்டும். யாருடையது என்று அடையாளம் தெரியாதபடி வேலையையும் இடத்தையும் மட்டும் சொல்பவருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். சொல்லி முடித்ததும் எல்லோரும் "கேட்டோம்" என்பார்கள். அதற்குமேல் ஆறுதல், அறிவுரை, வீட்டு வைத்தியம் எதுவும் கூடாது.

இந்த முறையைக் கொண்டுவந்த நர்ஸ் என்னிடம் சொன்ன காரணம்: "சொந்தக் கதைன்னா ஒண்ணு அழுதுடறாங்க, இல்ல பொய் சொல்றாங்க சார். அடுத்தவங்க கதைன்னா பொறுப்பா சொல்றாங்க."

வக்கீலம்மாவுக்கு என்னைவிட வயது அதிகம். மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கும் குரல். என் கதையை எடுத்துக்கொண்டு வட்டத்தில் எழுந்து நின்றார். தேர்வு அறை நீதிமன்றமாகிவிட்டது.

"ஜட்ஜ் உள்ள வர்றார். எல்லாரும் எழுந்தாச்சு. நான் மட்டும் உட்கார்ந்திருக்கேன்! எழுந்தா என் கட்சிக்காரர் மானமும் சேர்ந்து போயிடும். ஜட்ஜ் என்னையே பாக்கறார். என்ன திமிர் இந்தம்மாவுக்குன்னு நெனச்சிருப்பார். நான் என்னத்தைச் சொல்ல? கனம் கோர்ட்டார் அவர்களே, என் குடல் ஆட்சேபிக்குதுன்னா?"

வட்டம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். வருடக்கணக்காக நான் மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்த ஒன்று, இன்னொருத்தர் வாயில் அவ்வளவு சின்னதாக இருந்தது. ஜன்னல் திறந்த இடம் வந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. "அந்த ஆள் முகத்தை அப்புறம் நான் பாக்கவே இல்ல," என்று வக்கீலம்மா நிதானமாகச் சொல்லி நிறுத்தினார். "கேட்டோம்," என்றது வட்டம். திங்கட்கிழமை அட்டெண்டரைப் பார்த்து, "அன்னிக்கு நீங்க செஞ்சது பெரிய உதவி," என்றேன். "எதுங்க சார்?" என்றார். உண்மையிலேயே மறந்துவிட்டாரா, எனக்காக மறந்தாரா என்று தெரியவில்லை.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் நல்ல கதை. பகிர்ந்தால் பாரம் குறையும் என்று நீங்களும் சொல்லிவிட்டுப் போயிருப்பீர்கள். நானும் நிம்மதியாக மேசையைத் துடைத்துவிட்டு எழுந்திருப்பேன்.

5

அடுத்த மாதச் சீட்டிலும் எனக்கு வக்கீலம்மாவே வந்தார்.

"வாத்தியாரே, இந்தத் தடவை என்கிட்ட புதுசா ஒண்ணுமில்ல. வேற ஒரு பொண்ணோடதைத் தரேன், எடுத்துக்கங்க. அவளே சொல்லச் சொல்லித்தான் தரேன். போன தடவை நான் உங்க கதையைச் சொன்னேன்ல, டாக்டரைப் பாக்க டோக்கன் போட்டுட்டு வெளியில உட்கார்ந்திருந்திருக்கா. கதவு திறந்திருந்துதா, எல்லாம் காதுல விழுந்திருக்கு. முடிஞ்சதும் நான் கைகழுவப் போனா பின்னாடியே வந்து நிக்கறா. ‘ஆன்ட்டி, உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்துது’ன்னா. அது என் கதை இல்லன்னு நான் சொல்லல. சொல்லக்கூடாதே!"

"டாக்டரைப் பாத்தாளா?"

"எங்க! டோக்கனைக் கிழிச்சுப் போட்டுட்டுப் போயிட்டா. ரெண்டாவது தடவையாம் இது. ரத்தம் போகுது சார், மாசக்கணக்கா. காலேஜ்ல லேப்ல நிக்கும்போது—"

[இங்கே சில வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன். அவை அவளுடையவை.]

"வீட்ல சொன்னியான்னு கேட்டேன். அப்பாகிட்ட முடியாதாம். அவருக்கே ஏதோ அல்சராம். பாத்ரூம் போனா உள்ள இருந்து சத்தமா வாய்ப்பாடு சொல்லுவாராம் சார், பதினேழாம் வாய்ப்பாடு!" வக்கீலம்மா தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "சத்தம் வெளிய கேக்கறதுக்கே அவ்வளவு கூச்சப்படற மனுஷன்கிட்ட, அப்பா எனக்கு இப்படி இருக்குன்னு எப்படி ஆன்ட்டி சொல்றதுன்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல?"

பாப்பா சமீபமாக இளைத்துப்போயிருந்ததும், தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோவதும் எனக்குத் தெரியும். தேர்வு டென்ஷன் என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. மருத்துவர் சொன்னது அப்போதெல்லாம் நினைவுக்கு வராமலில்லை.

என் முறை வந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அந்த வட்டத்தில் அதைவிட மதிப்பான காரணம் கிடையாது. ஏன் எழுந்து நின்றேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. கல்லூரியைப் பள்ளிக்கூடமாக்கி, என் மகளின் கதையை "நான்" என்று சொன்னேன்.

"எனக்கு ரத்தம் போகுது. ரெண்டு தடவை டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். எங்க அப்பாகிட்ட சொல்ல முடியல. சொன்னா அவர் முகத்தைத் திருப்பிக்குவார்னு பயமா இருக்கு. அவர் கெட்டவர் இல்ல. அவருக்கு இதெல்லாம் அசிங்கம். அப்ப நானும் அசிங்கந்தானே?"

கடைசி இரண்டு வாக்கியங்கள் வக்கீலம்மா சொன்னதில் இல்லை. அவை எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியும்.

"கேட்டோம்," என்றார்கள். எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டியவன் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

6

இனி முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன.

முதலாவது: மகளுக்கு எதுவும் தெரியாது. அன்று கேட்டது ஒரு வக்கீலின் கதை என்றே நம்புகிறாள். வக்கீலம்மா அவளை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகிறார், சிகிச்சை தொடங்குகிறது, அவள் தேறுகிறாள், எனக்கு மானம் மிஞ்சுகிறது. இதை எழுதும்போது கை சரளமாக ஓடியது. அதனாலேயே சந்தேகப்பட்டு நிறுத்தினேன்.

இரண்டாவது: அவளுக்கு எல்லாம் தெரியும். மருத்துவமனை வாசலில் என் ஸ்கூட்டர் நின்றிருந்தது. அதன் பின்னால் உட்கார்ந்துதான் அவள் பள்ளிக்கூடம் போய் வந்தாள். திறந்திருந்த கதவு வழியே என்னையும் பார்த்திருக்கலாம். யாருடைய கதை என்று புரிந்துகொண்டு, தன் கதையை வாய்ப்பாடு உட்பட வக்கீலம்மா கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அப்படியென்றால் ஒரு மாதமாக அவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நான் "எழுத்தாளர் சந்திப்பு நல்லா இருந்துது" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து கதை எழுதுகிறேன்.

மூன்றாவது: இந்தத் தாள்களை அவள் மேசைமேல் வைத்துவிட்டு நான் எங்காவது வெளியே போய்விடுவது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். நேற்று இதைப் பற்றி மனைவியிடம் பேசினேன். அப்போதுதான் நடந்ததையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஊர் பேர் தெரியாதவங்க நடுவுல எழுந்து நின்னு சொன்னீங்க. இப்ப பத்திரிகைக்கும் அனுப்பப் போறீங்க. பெத்த பொண்ணுக்கு மட்டும் தாள்லயா சொல்லணும்?"

"நீ வேணா சொல்லிடேன்," என்றேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

"நான் சொல்லிடுவேன். இப்பவே கூப்பிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டும் போயிடுவேன். ஆனா அவ பயப்படறது என்னைப் பாத்து இல்லையே. திங்கட்கிழமை காலைல அப்பாயின்ட்மென்ட் வாங்கிடறேன். அதுக்குள்ள நீங்க பேசுங்க. உங்க வெட்கத்துக்கு இனிமே என்னால காவல் காக்க முடியாது."

7

வாசகரே, அந்த "அதுக்குள்ள" இதோ இந்த மதியம்தான். காலையிலிருந்து நான் செய்திருப்பது, ஒரு கதவைத் தட்டாமல் இருப்பதற்காக ஆறு பகுதி எழுதியதுதான். ஏழாவதையும் இழுத்துக்கொண்டிருக்கிறேன். வாக்கியங்கள் இன்னும் வரும். எட்டு, ஒன்பது என்று என்னால் சாயங்காலம் வரைக்கும்—

போதும்.

"பாப்பா."

"என்னப்பா?"

"இங்க கொஞ்சம் வாம்மா. ஒண்ணு சொல்லணும். எனக்கு அல்சர் இல்ல."

உள்ளே நாற்காலி தள்ளப்படுகிறது. அவள் எழுந்துவிட்டாள்.

"இனி முடிவு" என்று உங்களிடம் சொன்னது நினைவிருக்கிறது. ஆனால் இதற்குமேல் பாதிக் கதை அவள் வாயிலிருந்து வர வேண்டும், அதை நான் இனி யாருக்கும் "நான்" என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு நேரம் கூட இருந்தீர்கள், அந்தத் தைரியத்தில்தான் கூப்பிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் வருகிறாள். நீங்கள் கொஞ்சம் வெளியே இருங்கள்.