கம்பத்தில் மஞ்சள் துண்டு

கிடங்குக்காரருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. முப்பது வருஷம் கிடங்கில் சாமான்களை அளவுவாரியாக அடுக்கிப் பழகிய கை, வேலையில்லாவிட்டால் பரபரக்கும். அவரோடு மூன்று வருஷமாகப் பேசாத மகள், சித்தி மூலம் சேதி அனுப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரயில் மாறுகிறாளாம், நாற்பது நிமிஷம் காத்திருப்பாளாம், வேண்டுமானால் அப்பா வரட்டுமாம். அதுவரை வீட்டிலிருந்தால் பைத்தியமே பிடித்துவிடும் என்று, அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்திலிருந்த ஏரிக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்.

இரண்டு நாளில் நாலு தீவு. ஒன்றையும் உருப்படியாகப் பார்க்கவில்லை. இறங்கியதுமே அடுத்த தீவுக்குப் படகு எப்போது என்று கேட்கிற மனுஷர் எதைப் பார்ப்பார்? கடைசித் தீவில் ஒரு மீன்காரர் வீட்டில் தங்கினார்.

வியாழன் சாயங்காலம் மீன்காரர் தன் படகின் மோட்டாரைப் பிரித்து, கழற்றிய வரிசையிலேயே செய்தித்தாளில் பரப்பிவிட்டுக் குளிக்கப் போனார். வந்து பார்த்தால் திருகாணிகள் பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று அணிவகுத்து நின்றன.

"யாரு சார் இப்படிப் பண்ணினது?"

"நான்தான். தாறுமாறா கிடந்துச்சே!"

மீன்காரர் வாயைத் திறந்தார். விருந்தாளியாச்சே என்று மூடிக்கொண்டார். அவர் மனைவி மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடினாள்.

சாப்பிடும்போது கிடங்குக்காரர் மூன்று தடவை கேட்டுவிட்டார், "காலையில ஏழு மணிப் படகு நிக்கும்ல?"

"நிக்கும் சார். நான் பாத்துக்கறேன், நிம்மதியா தூங்குங்க," என்றாள் அவள்.

அவருக்கா நிம்மதி? ஆறரைக்கே துறைக்குப் போனார். தூறிக்கொண்டிருந்தது. துறைக் கம்பத்தில் ஒரு மஞ்சள் துண்டு நனைந்துகொண்டிருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள், பாவம். அவிழ்த்துப் பிழிந்து, வீட்டுத் தாழ்வாரக் கொடியில் சுருக்கமில்லாமல் காயப்போட்டுவிட்டு, பெட்டியோடு திரும்பி வந்தார்.

ஏழு மணிக்குப் படகு வந்தது. வந்த வேகம் குறையாமல் ஏரி நடுவிலேயே போயும்விட்டது. கையை ஆட்டினார், தொண்டை கிழியக் கத்தினார். மீன்காரர் மனைவி ஓடி வந்து கம்பத்தைப் பார்த்தாள்.

"துண்டு எங்க சார்?"

"நனையுதேன்னு உள்ள காயப்போட்டேன்."

"ஐயோ! ஏற ஆள் இருக்குன்னு அதைப் பாத்துத்தானே நிறுத்துவாங்க!"

பின்னாலேயே வந்த மீன்காரர், "நீங்க காயப்போட்டது துண்டை இல்ல சார், ஏழு மணிப் படகை," என்றார்.

கிடங்குக்காரர் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இதே கைதான். மகள் ஊரில் இல்லாதபோது அவள் அறையை ஒழுங்கு பண்ணினார். கட்டிலுக்கடியில் சுருண்டு கிடந்த காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார். கட்டடப் படிப்புக்காக ஒரு வருஷம் அவள் வரைந்த படங்கள் அவை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா," என்றாள். "குப்பை மாதிரி வச்சிருந்தா?" என்றார். அன்றைக்குப் போனவள்தான்.

"என் பொண்ணும்மா... மூணு வருஷமாச்சு பாத்து," என்றார்.

"பாத்துட்டே நிக்காதீங்க," என்று அவள் புருஷனை விரட்டினாள். "பெரிய தீவுல அரை மணி நேரம் சரக்கு ஏத்துவாங்க. துடுப்பை எடுங்க!"

மோட்டார்தான் அளவுவாரியாகப் படுத்திருக்கிறதே.

"நானும் ஒரு துடுப்புப் போடறேன்," என்றார் கிடங்குக்காரர், பாதி வழியில்.

"வேணாம் சார். தெரியாதவங்க போட்டா படகு சுத்தும். கையை மடியில வச்சுக்குங்க, அதுவே பெரிய உதவி."

காலடியில் ஒரு வலை சிக்கலாகக் கிடந்தது. விரல்கள் துடித்தன. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். ஜென்மத்தில் அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு வேலை செய்ததில்லை. பெரிய தீவில் கயிறு அவிழ்க்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

கரையில் இறங்கியபின் பஸ் நின்று நின்று போனதில், நாற்பதில் பத்து நிமிஷம்தான் மிஞ்சியது. பிளாட்பார பெஞ்சில் மகள். இளைத்திருந்தாள். அவளைச் சுற்றித் திறந்த பை, தண்ணீர் பாட்டில், சுருட்டிய காகிதங்கள். ஒரு சுருள் உருண்டு கீழே கிடந்தது.

கை தானாகக் கீழே போனது. பாதியில் நிறுத்தினார்.

"எடுக்கட்டுமாம்மா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நடுவில் நின்ற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுங்கப்பா," என்றாள் கடைசியில். "பிரிச்சும் பாருங்க."