கோடு நின்ற இடம்

குளியலறைக் குழாய் மறுபடியும் திறந்து கிடந்தது. வாளி வழிந்து தண்ணீர் கூடம்வரை வந்துவிட்டது. கணவரோ சோபாவில் சாய்ந்தபடி, கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த கால்பந்து ஆட்டம் ஒன்றை, யார் யாருக்குப் பந்தைத் தட்டினார் என்பது உட்பட, பக்கத்து வீட்டுக்காரருக்கு விவரித்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியோடு நின்றவளுக்குச் சுருக்கென்றது. இந்த மனுஷன் நடிக்கிறாரோ?

அவர் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் ஏணி வழுக்கி, சிமெண்டுத் தரையில் பின்மண்டை மோத விழுந்தார். அன்றே எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லையென்றால் வீட்டு வேலைக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது இந்த மறதி? அவள் சோதித்தும் பார்த்தாள். சோப்பு வாங்கி வரச் சொன்னால் பல்பு வந்தது.

"எல்லாத்தையும் நானே ஞாபகம் வச்சிக்கிட்டா அப்புறம் நீ எதுக்கு?" என்று சிரித்தார். கள்ளச் சிரிப்பு என்றே அவளுக்குப் பட்டது.

மறுபடி ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன் மூளைத்திறன் சோதனை வேண்டும் என்றது நிர்வாகம். சோதனை செய்த உளவியலாளர் சின்ன வயதுப் பெண். மனைவியை மூலையில் உட்கார அனுமதித்தாள். தாளில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடந்தன. ஒன்று, அ, இரண்டு, ஆ என்று மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். குழந்தை விளையாட்டு. அவர் விறுவிறுவென்று மூன்றுக்குப் போனார். பேனா நின்றது.

"டிராஃபிக் ஜாம், மேடம்."

"பரவால்ல சார், மெதுவா பண்ணுங்க."

பேனா நான்கை நோக்கி நகர்ந்து, தயங்கி, திரும்பியது. மேசைக்கடியில் அவருடைய இடக்கை பேண்ட்டைக் கசக்கிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் வியர்வை. அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பரீட்சையில் மாட்டிக்கொண்டவனின் பார்வை. அவளையறியாமல் அவள் உதடு 'இ' என்று அசைந்தது. கோடு சரியாகப் போய்ச் சேர்ந்தது.

"மேடம், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்களேன்," என்றாள் அந்தப் பெண் மனைவியிடம்.

நடைவழி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நடிக்கத்தான் செய்திருக்கிறார். ஆனால் அவள் நினைத்ததற்கு நேர்மாறாக, எல்லாம் சரியாக இருப்பதுபோல். அந்தக் கேலிகளெல்லாம் எதை மூடின? தேடும் சொல்லை அவர் கண்ணைப் பார்த்தே எடுத்துக் கொடுக்க, அவளும் எப்போது பழகினாள்?

அடுத்த வாரம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டாக்டர் திரையில் பேனா முனையால் தொட்டுக் காட்டினார்: மிளகைத் தூவியதுபோல் சிறு கறுப்புப் புள்ளிகள்.

"ரத்தம் கசிஞ்ச தடம். இவ்ளோ சின்னது முதல் ஸ்கேன்ல தெரியாம போயிருக்கும். டெஸ்ட்லயும் கவனம் தடுமாறுது. இப்போதைக்கு வண்டி ஓட்ட வேணாம்."

"எந்த வண்டி?" என்றார் அவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். அவளால் முடியவில்லை. அவரும் சிரித்தார், ஒரு கணம் பிந்தி, டாக்டரின் வாயையே பார்த்தபடி.