இரண்டு வீட்டுக்கும் சொந்தமில்லாத அக்கா

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து எடுத்தேன். அதில் உட்கார்ந்திருந்தவர் ஷோல்பான். கசாக்ஸ்தானின் கிசிலோர்தா நகரில் பல் மருத்துவர், ஐம்பதைத் தாண்டியவர். மாநாடு என்று கணவரிடம் பொய் சொல்லிவிட்டு, அவரோடு இனியும் வாழ்வதா என்று தனியாக யோசிக்க எங்கள் அல்மாட்டிக்கு வந்திருந்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இலையுதிர்ந்த பூங்காவில் அவள் தன் மௌனத்தோடு—’

அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் அது நடக்காது. பூங்காவில் உட்கார்ந்தார், ஒரு ரஷ்யக் கிழவர் சதுரங்கப் பலகையோடு வந்து, கேட்காமலே காய்களை அடுக்கினார். டாக்ஸியில் ஏறினார், ஓட்டுநர் தன் விவாகரத்தைச் சொல்லி அழுதார். நிம்மதியாக ஒரு தட்டு லக்மான் நூடுல்ஸ் சாப்பிடலாமென்று ஓர் உய்குர் உணவகத்துக்குள் நுழைந்தார். உள்ளே கல்யாணம்.

2

மாப்பிள்ளை தில்முராத், உய்குர். என் பக்கத்து வீட்டுக்காரன். பெண் இன்னா, கொரியக்காரி. (பெயரே அதுதான். சென்னை வாசகர்கள் மன்னிக்கவும்.) கசாக்கியரான ஷோல்பானை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு உறவென்று நினைத்தார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு உறவென்று. ஆகவே போட்டி போட்டுக்கொண்டு உபசரித்தார்கள்.

“நான் சாப்பிடத்தான் வந்தேன்,” என்றார் ஷோல்பான்.

“பின்ன, நாங்க எதுக்கு வந்திருக்கோமாம்?” என்று தில்முராத்தின் அம்மா அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தார்.

[இதை யார் நம்புவார்கள் என்று இங்கே எழுதுவதை நிறுத்தினேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.]

3

எங்கள் விருந்துகளில் வாழ்த்துச் சொல்லாமல் யாரும் தப்ப முடியாது. மைக் அவர் கைக்கு வந்தது.

“என் வீட்டுக்காரர் நல்லவர். குடிக்க மாட்டார், கத்த மாட்டார். ஆனா என்னைப் பாத்துப் பல வருஷமாச்சு. ஒரே வீட்லதான் இருக்கோம். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டாவது ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு இருங்க.”

கூடமே மூக்கை உறிஞ்சியது. தில்முராத்தின் மாமா பெண்ணின் அப்பாவைக் கட்டிக்கொண்டார். “உங்க பக்கம் இப்படி ஒரு பேச்சா!”

“எங்க பக்கமா? உங்க பக்கம்னுல்ல நெனச்சேன்.”

எல்லோரும் ஷோல்பானைப் பார்த்தார்கள். அவர் கிளம்ப எழுந்தார்.

“யாரா இருந்தா என்ன? உக்காருங்க, இன்னும் கறி வரல,” என்றார் தில்முராத்தின் அம்மா.

4

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் இன்னா எங்கள் மேசைக்கு வந்துவிட்டாள்.

“அக்கா, காலையிலேர்ந்து அவன் போனைத்தான் பாக்குறான். பதிவு நாளைக்குத்தான். கட்டிக்கவா, வேணாமா?”

ஒரு பிரதியில் ‘கட்டிக்கோ’ என்று சொல்ல வைத்தேன். இன்னொன்றில் ‘ஓடிடு’. இரண்டும் பொய். ஷோல்பான் இன்னாவையும் இழுத்துக்கொண்டு நேராகப் போய், மாப்பிள்ளையின் பின்னால் நின்று அவன் போனைப் பிடுங்கினார்.

“திரும்பாதே. இவ கம்மல் என்ன நிறம்?”

தில்முராத் விழித்தான். “கம்மலா? அவ காதே குத்தலையே. ஊசின்னா பயம்.”

இன்னா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

5

ஷோல்பான் வாசலுக்குப் போனார். குளிருமே என்று அவருடைய கோட்டை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அவர் கணவரைப் போனில் அழைத்திருந்தார்.

“மாநாடெல்லாம் இல்லை. அதை அப்புறம் சொல்றேன். நான் கிளம்பறப்போ என்ன நிறத்துல கோட்டு போட்டிருந்தேன்?”

அந்தப் பக்கம் சத்தமில்லை. இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. அவர் காதோடு போனை அழுத்திக்கொண்டு நின்றார்.

கோட்டு என் கையில்தான் இருக்கிறது. அதன் நிறத்தை நான் எழுதப் போவதில்லை. அந்தக் கணவர் சொல்லட்டும்.