கடனா, எங்களுக்கா?

செங்கோட்டையனுக்குக் கடன் வாங்குவதில் ஒரு கஷ்டமும் கிடையாது. வாங்குவதை யாராவது பார்த்துவிடுவதில்தான் கஷ்டம். டிராக்டர் வாங்கினார், ஊருக்கு ரொக்கம் என்று சொன்னார். வீட்டுக்கு மாடி எடுத்தார், அதுவும் ரொக்கம். மாதாமாதம் தவணை கட்டக் கொடுமுடிக்குப் போகும்போதெல்லாம் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி, ஊரில் பெரிய பக்திமான் என்று பெயரும் வாங்கிவிட்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் அன்று காலை அவர் மகள் லோகப்பிரியா வங்கிக்குக் கிளப்பிக்கொண்டு போனாள். காகிதங்களை ஜவுளிக்கடைப் பையில் போட்டு, மேலே ஒரு துண்டை வைத்து மூடிய பிறகுதான் அவர் வாசல்படி இறங்கினார்.

"ஆராச்சும் கேட்டா துணி மாத்தப் போறோமுன்னு சொல்லு கண்ணு" என்றார்.

லோகப்பிரியா வேதியியல் படித்தவள். பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், கழிவுநீரைச் சோதித்துப் பார்க்கும் அறையில் வேலை. சிவப்பும் நீலமுமாக வரும் தண்ணீரைச் சோதித்து எழுதிக் கொடுப்பாள். அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று முடிவெடுப்பவர்கள் வேறு ஆட்கள். அவள் ஏதாவது யோசனை சொன்னால், "அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்கம்மா" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. அதற்கென்றே கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் ஓராண்டுப் பட்டயப்படிப்பு இருந்தது. விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் வங்கியின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டினால் சேர்ந்துகொள்ளலாம். தவறினால் அடுத்து நிற்பவருக்கு இடம் போய்விடும். அன்று வெள்ளிக்கிழமை.

"தண்ணியப் பத்திப் படிக்கறதுக்கு ஒரு வருசமா?" என்று அப்பா முதலில் வாய் பிளந்தார். பிறகு, மஞ்சள் விலை ஏறட்டும், விற்றுக் கட்டிவிடலாம் என்றார். லோகப்பிரியா ஒப்புக்கொள்ளவில்லை. படிப்பு அவளுடையது, கடனும் அவள் பெயரில்தான், அடைப்பதும் அவள்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். இணையத்தில் அவளே விண்ணப்பம் போட்டாள். பெற்றவர் ஒருவர் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதுதான் பாக்கி. "ஆருக்கும் தெரியாம முடிச்சரோணும்" என்ற நிபந்தனையோடு அப்பா தலையாட்டியிருந்தார்.

வங்கிக்குள் நுழைந்தார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே, நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார் நல்லசாமி.

நல்லசாமி அவர்களுக்குப் பங்காளி. செங்கோட்டையனுக்கு அண்ணன் முறை. இவர் ஆழ்துளைக் கிணறு போட்டால் அவர் இன்னும் நூறடி ஆழமாகப் போடுவார். அவர் வீட்டுக்குக் குளிர்சாதனம் வந்தால் இவர் வீட்டுக்கு மார்கழியில் குளிர்சாதனம் வரும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு நாளும் திட்டிக்கொண்டதில்லை. அவ்வளவு மரியாதையான பகை.

"ஏனுங் தம்பி, பேங்குக்கு?" என்றார் நல்லசாமி.

"சும்மாதானுங்ணா. பாப்பா பேருல கொஞ்சம் பணம் போட்டு வெக்கலாமுன்னு. நீங்க?"

"நானும் அதுக்குத்தானுங்க" என்று நல்லசாமி மடியிலிருந்த நகைக்கடைப் பையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேலாளர் அக்பர் அலி அறையிலிருந்து வெளியே வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நல்ல மனிதர், ஆனால் குரல் வெண்கலம்.

"கல்விக் கடனுக்கு வந்தது யாரு? லோகப்பிரியா! அப்பா வந்திருக்காங்களா?"

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. நல்லசாமியின் தலை எல்லாவற்றுக்கும் முன்னால் திரும்பியது.

செங்கோட்டையன் சிரித்தார். "கடனா? எங்களுக்கா? அட நீங்க ஒண்ணுங்க! அது பாப்பா கம்ப்யூட்டர்ல வெளையாட்டாப் போட்டதுங்க."

"அப்ப விண்ணப்பம் வேண்டாமா சார்?"

"வேணாமுங்க."

மேலாளர் தலையசைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஒரு வார்த்தையில் காரியம் முடிந்துவிட்டது. லோகப்பிரியாவுக்குக் கோபத்தில் காது மடல் சுட்டது. அழுகையும் வந்தது. அப்பாவைப் பார்த்தாள். அவரோ சுவரில் இருந்த சேமிப்புத் திட்ட விளம்பரத்தைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மேலாளர் மறுபடி எட்டிப் பார்த்தார். பணம் போட வந்தவர்கள் போலப் பெரியவர்கள் இருவரும் இன்னும் காத்திருக்கிறார்களே என்று, "காபி சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாமுங்க. இப்பத்தானுங்க குடிச்சோம்" என்றார்கள் பங்காளிகள் இருவரும் ஒரே குரலில்.

"சரி" என்று அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

செங்கோட்டையன் முதல் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பியவர். சாத்திய கதவை அவர் பார்த்த பார்வையை லோகப்பிரியா பார்த்தாள். சட்டென்று அவளுக்கு விஷயம் விளங்கியது. அழ இருந்தவள் சிரித்தேவிட்டாள். எழுந்து நேராக மேலாளர் அறைக்குள் போனாள்.

"சார், எங்கூர்ல வேணாமுங்கன்னா வேணாமுன்னு அர்த்தமில்லீங்க."

"பின்னே?"

"இன்னொருக்காக் கேளுங்கன்னு அர்த்தமுங்க. ரெண்டாவது தடவ கேட்டா, எதுக்குங்க செரமமும்பாங்க. மூணாவதாக் கேட்டாத்தான் கைய நீட்டுவாங்க. எடுத்த எடுப்புல சரின்னு சொன்னா அது மரியாதையில்லீங்க."

அக்பர் அலி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அடக் கடவுளே! பசுமாட்டுக் கடன் வேணுமான்னு கேட்டேன், வேணாமுங்கன்னாங்க. வண்டிக் கடனுக்கும் அதே பதில். இந்த ஊர்க்காரங்க கடனே வாங்க மாட்டாங்கன்னு மேலிடத்துக்கு எழுதியே அனுப்பிட்டேனேம்மா!"

"எங்கப்பாகிட்ட மறுக்காக் கேளுங்க சார். திங்கக்கெழமக்குள்ள எனக்குக் கடுதாசி வேணும்."

மேலாளர் உற்சாகமாக எழுந்து வந்தார். செங்கோட்டையன் முன் நின்று, "சார், அந்தக் கல்விக் கடனை எழுதிடலாமே?" என்றார். இந்த முறை குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அப்படியும் அது கூடத்தின் கடைசி மூலை வரைக்கும் கேட்டது.

"எதுக்குங்க உங்களுக்கு வீண் செரமம்" என்றார் செங்கோட்டையன்.

லோகப்பிரியா கண்ணைக் காட்டினாள். மேலாளர் மூச்சை இழுத்துக்கொண்டு மூன்றாவது முறை கேட்டார்.

செங்கோட்டையன் வாயைத் திறந்தார். நல்லசாமி பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். நல்லசாமி கால்மேல் கால் போட்டுக்கொண்டு வெகு அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாமுங்க" என்றார் செங்கோட்டையன்.

மேலாளர் திகைத்துப்போய் லோகப்பிரியாவைப் பார்த்தார். நாலாவது தடவை உண்டா என்று கேட்கிற முகம். நாலாவது தடவை எந்த வீட்டிலும் கிடையாது. ஊர் வழக்கம் அவளைக் கைவிட்டுவிட்டது. இனி அவளேதான் பேச வேண்டும். அப்பாவை நாலு பேர் முன்னால் அவள் ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அப்படியும் பேசினாள்.

"எனக்கு வேணுமுங்க சார்" என்றாள். "நாந்தான் கேட்டேன். வெளையாட்டுக்குப் போடலீங்க. நான் படிக்கோணும். அப்பா, கடன் வாங்கறது உங்களுக்கு அசிங்கமா இருந்தா இருக்கட்டுமுங்க. எனக்கு இல்லீங்க. வேலைக்குப் போயி நானே அடைக்கறேன்."

பணம் எண்ணும் இயந்திரம்கூட நின்றுவிட்டது. செங்கோட்டையன் மகளையே பார்த்தார். கோபப்படப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவருக்கோ வேறொன்று ஓடியது. ஊர்க்கூட்டத்தில்கூடத் தான் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லையே, இந்தப் புள்ளை யாரைக் கொண்டு பிறந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"சார், கேக்க வேண்டியது என் கடமை" என்றார் மேலாளர். "உங்க பொண்ணு கட்டலைன்னா நீங்கதான் கட்டணும். தெரியுமில்ல?"

செங்கோட்டையன் எழுந்து நின்றார். ஜவுளிக்கடைப் பையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். காகிதங்களை மேசைமேல் வைத்தார்.

"அந்தப் பேச்சே வராதுங்க. என்ற புள்ள கட்டீருவாளுங்க. கையெழுத்து எங்க போடோணும்?"

லோகப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பா நல்லசாமி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. பேனாவை வாங்கி, வீட்டுப் பத்திரத்தில் போடுவதுபோல் நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போட்டு முடித்ததும் நல்லசாமி மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங் மேனேஜருங்க..."

"சொல்லுங்க சார்."

"தம்பி வர்றதுக்கு முந்தி எங்க மருமவ படிப்புக்குன்னு நீங்க கேட்டப்ப, நானும் வேணாமுன்னு சொல்லிப்போட்டனுங்க." நகைக்கடைப் பைக்குள் கையை விட்டு ஒரு கட்டுக் காகிதத்தை உருவினார். "நவ்யா ஆறு மாசப் படிப்பு ஒண்ணு படிக்கோணுமுங்கறா. கோயமுத்தூர்லதானுங்க. அதையும் சித்த மறுக்காக் கேட்டீங்கன்னா..."

செங்கோட்டையன் அவர் பையைப் பார்த்தார். நல்லசாமி இவர் பையைப் பார்த்தார். முதலில் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இருபது வருடப் போட்டியில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

"கேக்கவே வேண்டாம் சார், குடுங்க" என்று மேலாளர் காகிதத்தை அவர் கையிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

மாலைக்குள் ஒப்புதல் கடிதம் லோகப்பிரியாவின் கைக்கு வந்துவிட்டது. தன் பெயரை அதில் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே பேருந்தில் ஏறினாள். சன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வங்கியை விட்டு வந்ததிலிருந்து ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தார். ஊரை நினைத்துக் கவலைப்படுகிறார் போலிருக்கிறது என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

நடத்துநர் வந்தார். மகளுக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "உங்குளுக்கு எங்கீங்க?" என்றார்.

செங்கோட்டையன் சில்லறையை நீட்டினார். ஊர்ப் பெயரைச் சொன்னார். அதோடு விடவில்லை. முன்சீட்டில் இருந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நடத்துநர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

"என்ற பொண்ணுங்க இவ. கோயமுத்தூருக்குப் படிக்கப் போறா. இவ பேரச் சொன்னதுமே பேங்குக்காரன் நம்பிக் கடன் குடுத்துப்போட்டானுங்க."