றஹ்மா அளந்த அகலம்

பேராதனையிலிருந்து வந்த கடிதத்தைத் தாஹிர் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையிலேயே பிரித்தான். தட்டச்சில் ஒரு பக்கம். அவனுக்குப் படிப்பித்த பேராசிரியர் எழுதியிருந்தார். சங்குகளின் வளர்ச்சி பற்றிய கட்டுரை நன்றாக வந்திருக்கிறதாம். ஆனால் முதல் நூற்றெண்பது சங்குகளின் அகலம் பிந்திய அறுபதோடு ஒத்துப்போகவில்லை. அளந்தவர் பழக்கமில்லாதவர் போலத் தெரிகிறது. அவற்றை நீக்கிவிட்டு, அறுபதை மட்டும் வைத்து, மாத முடிவுக்குள் அனுப்பவும்.

அளந்தவள் றஹ்மா, அவனுடைய மனைவி. நான்கு மாதங்களுக்கு முன், அறுபத்தெட்டாம் ஆண்டு மாசியில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். பிந்திய அறுபதை அவன் தனியே அளந்தான்.

பிள்ளை இல்லை. படமும் இல்லை, கலியாணத்தன்று படம் எடுக்க அவளுடைய வாப்பா சம்மதிக்கவில்லை. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அவனுடையதும் அவளுடையதுமாக இரண்டு பெயர்கள் இருந்தன. நூற்றெண்பதும் போனால் இரண்டாவது பெயருக்கு அங்கே வேலையில்லை.

வீட்டுக்கு வந்து வரைபுத்தாளை விரித்தான். சங்கு வளரும்போது பெரிதாகுமே தவிர உருவம் மாறாது. ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றைப் போல ஒரே மடங்கு. அதனால் நீளத்தையும் அகலத்தையும் மடக்கையாக்கிக் குறித்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரு கோட்டில் விழ வேண்டும். விழத்தான் செய்தன. ஆனால் கோடு இரண்டு. மேலே அவனுடைய அறுபது, கீழே அவளுடைய நூற்றெண்பது, தண்டவாளம் போல ஒரே இடைவெளியில்.

பழக்கமில்லாதவள் அளந்தால் புள்ளிகள் சிதறும். அகலம் அளக்கும் இடுக்கிமானியில் பிழையென்றால் சின்னச் சங்குகளில் அது கூடுதலாகத் தெரியும். இது இரண்டுமில்லை. அவள் வேறெதையோ அளந்திருக்கிறாள், நூற்றெண்பது தடவையும் மாறாமல். என்னவென்று திரும்ப அளந்து பார்க்க ஏலாது. அந்தச் சங்குகள் அவளுடைய வாப்பாவின் சரக்கு. கல்கத்தாவுக்குக் கப்பலேறி, இப்போது யார் யாருடைய கையிலோ வளையலாகக் கிடக்கும்.

சனிக்கிழமை காலை இடுக்கிமானியை எடுத்துக்கொண்டு அவளுடைய ஊரான கிண்ணியாவுக்குப் போனான். அவளுக்கு ஓதிய நாற்பதாம் நாள் கத்தத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. மாமா, றஹ்மாவின் வாப்பா அப்துல் மஜீத், வீட்டுக்குப் பின்னால் இருந்த கிட்டங்கியில் சங்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். குடாவில் சுழியோடுகிறவர்கள் கொண்டுவரும் சங்கை வாங்கி, புதைத்துச் சதை போக்கி, காயவைத்து, அளவு பார்த்துச் சாக்கில் கட்டுவது அவருடைய வியாபாரம். உட்காரக் கதிரையைக் காட்டினார். தாஹிர் கடிதத்தை எடுத்து, வந்த விஷயத்தைச் சொன்னான்.

"நாப்பது கழிஞ்ச பொறகு தலை காட்டல்ல. இப்ப சங்குக்கு வந்திருக்கீங்க," என்றார் மாமா.

தாஹிர் கடிதத்தை மடித்தான். மாமா அதை வளர்க்கவில்லை. ஒரு சங்கை எடுத்து நீட்டி, அவன் எப்படி அளக்கிறவன் என்று கேட்டார். வாய் தன்னைப் பார்க்க, ஆகப் பருத்த இடத்தில் இடுக்கிமானியை வைத்து அவன் காட்டினான். எழுபத்தெட்டு மில்லிமீற்றர்.

"றஹ்மா எப்படிப் பிடிச்சவ? வாய் எந்தப் பக்கம் இருந்திச்சு?"

தாஹிர் யோசித்தான். ஆறு மாதம், அசர் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும், ஒரே மேசை. அவள் எண்ணைச் சொல்வாள், அவன் கொப்பியில் எழுதுவான். குரல் நினைவிருந்தது. அவள் சொன்ன எண்களில் பாதியைக் கொப்பியைப் பாராமலே இப்போதும் சொல்வான். கை நினைவில் இல்லை.

"தெரியாது மாமா."

"முன்னுக்குத்தானே இருந்தவ?"

"ஓம். நான் எழுதிக்கொண்டிருந்தனான்."

 மாமா சங்கை வாங்கி, கால் சுற்றுத் திருப்பி, வாய் ஒருபக்கமாகப் போக, முதுகுக்கும் வயிற்றுக்கும் குறுக்காக இடுக்கிமானியை நெருக்கினார். தாஹிர் எட்டிப் பார்த்து வாசித்தான். எழுபத்தொன்று.

அடுத்த சங்கையும் அப்படியே இரண்டு விதமாக அளந்தார்கள். ஐந்து சங்கு பார்த்த பிறகு, கடிதத்தின் பின்பக்கத்தில் தாஹிர் வகுத்துப் பார்த்தான். ஐந்திலும் ஏறக்குறைய ஒரே விகிதம். அவனுடைய இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த அதே விகிதம்.

"வாயோரம் மெல்லிசு," என்றார் மாமா. "அறுக்கிற வாள் பட்டா உடைஞ்சிரும், வளையலுக்கு ஆகாது. அதையும் சேத்து அகலம் சொன்னா வளையல்காரன் சிரிப்பான். சின்னப்புள்ளயில இருந்து இந்தச் சாக்குக்குள்ள கிடந்தவ அவ. அகலமெண்டா அவவுக்கு இதுதான்."

இடுக்கிமானியை எப்படி வாசிப்பது என்று அவளுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தது தாஹிருக்கு நினைவிருந்தது. எதை அகலம் என்கிறோம் என்று சொல்லவில்லை. அதை ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதேயில்லை.

"அப்ப புள்ள அளந்தது பிழையில்லையா?"

"பிழையில்ல மாமா. அவ நூற்றெண்பதிலயும் ஒரே மாதிரித்தான் அளந்திருக்கிறா. நான்தான் வேற மாதிரி அளந்திட்டன்."

"அந்தக் கடிதம் எழுதினவருக்கு அதச் சொல்லுங்க."

தன்னுடைய அறுபதும் இன்னும் வீட்டில் இருப்பதாகவும், அவற்றை அவள் அளந்தபடி திரும்ப அளக்கப் போவதாகவும் தாஹிர் சொன்னான். பேராசிரியர் நம்புவதற்கு ஐந்து சங்கு காணாது, இன்னும் முப்பது சங்காவது வேண்டும் என்றான். மாமா எழும்பிப் போய், கட்டியிருந்த ஒரு சாக்கின் வாயை அறுத்து, நிலத்தில் கொட்டினார்.

இரண்டு விதத்தையும் தானே வாசிப்பதாகச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய கோடுகளை மட்டும் வாசித்தார். தாஹிர் கொப்பியை மடியில் வைத்து எழுதினான். பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்றாவது சங்கை மாமா எடுத்தார்.

"எழுபத்துநாலு."

தாஹிர் எழுதவில்லை. மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெருவிரல் சங்கின் முதுகில் இருந்தது. மற்ற விரல்கள் அடியில் வளைந்து, வாயோரத்தை ஒதுக்கிப் பிடித்திருந்தன. தோல் கறுத்து, நகம் வெடித்த கை. அந்த இடத்தில் அவளுடைய கையை வைத்துப் பார்க்க முயன்றான். வரவில்லை. திரும்பவும் முயன்றான்.

"எழுபத்துநாலு," என்றார் மாமா, முன்னைவிட மெதுவாக.

 சங்கைக் கீழே வைக்கவில்லை. அவன் பார்த்து முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.