குணலட்சுமி ரீச்சர் மாற்றிய பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் உண்டாக்கவில்லை, தட்டெழுதினேன். 1979இல் தெல்லிப்பழைச் சந்தியில் ஒரு தட்டெழுத்துக் கடையில் எனக்கு வேலை. ஒருநாள் காலை சண்டிலிப்பாயிலிருந்து குணலட்சுமி ரீச்சரும் அவருடைய கணவர் இராசநாயகமும் வந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி அடிக்க வேண்டும் என்றார்கள். அதில் ஒரு வசனத்தை நான் இரண்டு தரம் அடித்தேன். அந்த இரண்டாவது தரம்தான் என்னை எழுத்துக்காரியாக

(இதை முடிக்கவில்லை. பெருமை பேசுவது போல இருக்கிறது.)

2

'எத்தியோப்பிய மலைகளில் மழை பெய்துகொண்டிருந்தது' என்று தொடங்கிப் பார்த்தேன். வெட்டிவிட்டேன். அந்த மலைகளை நான் கண்டதில்லை. அங்கே முன்பு படிப்பித்த ரீச்சர் சொன்ன மழையைத்தான் எனக்குத் தெரியும். தகரக் கூரையில் அது விழத் தொடங்கினால் வகுப்பில் ஒரு சொல்லும் கேட்காதாம். ரீச்சர் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவார், பிள்ளைகள் விடையை விரலால் காட்டுவார்கள். காற்சட்டைப் பைக்குள் வறுத்த வாற்கோதுமை வைத்துக்கொண்டு, அவர் திரும்பி எழுதும்போது கொறிப்பார்கள். இதையெல்லாம் நான் கடதாசியை உருளையில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சொன்னார். வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. "அந்த ஊர்க் குளிர் இப்பவும் என்ரை முழங்காலுக்கை இருக்கு, பிள்ளை" என்று சிரித்தார்.

அவர்கள் அங்கே போன காரணம் இராசநாயகம். கொழும்பில் அரசாங்க இலிகிதராக இருந்தவர். சிங்களம் மட்டுமே அரசாங்க மொழி என்று 1956இல் வந்த சட்டத்துக்குப் பிறகு சிங்களச் சோதனை எழுதினால்தான் வேலை என்றார்கள். அவர் எழுதவில்லை. பல வருட இழுபறிக்குப் பின் வேலை போயிற்று. எத்தியோப்பியாவுக்குக் கணக்கு ஆசிரியர்கள் தேவை என்ற விளம்பரத்தை ரீச்சர் கண்டார். 1968இல் போனார்கள், ஆறு வருடம் இருந்தார்கள்.*

* இந்தப் பகுதி கட்டுரை மாதிரிப் போகிறது, தெரியும். ஆனால் இது இல்லாவிட்டால் நாலாம் பகுதி உங்களுக்கு விளங்காது.

3

ரீச்சரின் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. எழுதியவன் தொலோசா, அவரிடம் படித்தவன், ஒரோமோ இனத்துப் பிள்ளை. எத்தியோப்பியாவில் ஒரோமோச் சனம் கோடிக்கணக்கில் இருந்தும் பள்ளிக்கூடத்தில் அவர்கள் மொழிக்கு இடமில்லை. வளர்ந்த பிறகு தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த மொழியில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தான். அதற்காகச் சிறை. வெளியே வந்ததும் எல்லை தாண்டி, அயல்நாடு ஒன்றின் துறைமுகப் பட்டினத்துக்கு ஓடினான். (பட்டினத்தின் பெயரை எழுதினேன், பிறகு அழித்தேன். அங்கே இன்னும் யாராவது ஒளிந்திருக்கலாம்.)

அங்கே அகதிகளைத் திருப்பி அனுப்பப் பட்டியல் போட்டார்கள். தொலோசா தன் உண்மைப் பெயரைக் கொடுத்திருந்தான். அவனுடைய சிறைக் கடதாசியிலோ தெஸ்பாயே என்ற பள்ளிக்கூடப் பெயர். இன்னொருவனின் கடதாசியைக் காட்டி ஏமாற்றுகிறான் என்றார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று யாராவது சத்தியம் செய்ய வேண்டும். எத்தியோப்பியாவுக்குள் இருப்பவர்கள் வாய் திறந்தால் அவர்களுக்கும் சிறை. வெளியில் அவனை அறிந்தவர் ரீச்சர் மட்டும்.

4

'பையனின் பெயர் பள்ளியில் மாற்றப்பட்டது.' நான் முதல் தரம் அடித்த வசனம் அது. மூன்று பேருமாக சத்தியத்தை உறுதிப்படுத்த, இரண்டு வீடு தள்ளியிருந்த சமாதான நீதவான் ஆழ்வாப்பிள்ளையிடம் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"உவன் உங்களுக்கு ஆர், ரீச்சர்?"

"என்ரை வகுப்புப் பிள்ளை."

"சரி. மாற்றப்பட்டது எண்டு கிடக்கு. ஆர் மாத்தினது?"

"பள்ளிக்கூடத்திலை, ஐயா."

"பள்ளிக்கூடம் வந்து கையெழுத்து வைக்காது. நீங்கள்தானே வைக்கப் போறியள்? மாத்தினதைக் கண்டனீங்களோ? கேள்விப்பட்டது எண்டால் அங்கை ஒருத்தரும் கணக்கெடுக்க மாட்டினம். பெடியனை ஏத்தி அனுப்பிப் போடுவாங்கள்."

ரீச்சர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நான்தான் மாத்தினன்" என்றார்.

இராசநாயகம் திரும்பிப் பார்த்தார்.

"முதல் நாள் இடாப்பிலை பேர் பதியேக்கை தொலோசா எண்டுதான் சொன்னவன். உந்தப் பேர் வேண்டாம், அரசாங்க மொழியிலை ஒண்டு போடுங்கோ எண்டு பள்ளிக்கூட அதிபர் சொன்னவர். முன் வாங்கிலை இருந்த பெடியன்ரை பேர் தெஸ்பாயே. அதையே இவனுக்கும் எழுதிவிட்டன். யோசிக்கக்கூட இல்லை. ஆறு வருசமாக் கூப்பிட்டன். ஒவ்வொரு நாளும் எழும்பி நிண்டவன்."

"எங்கடை வீட்டிலை வந்து கோப்பி குடிச்ச பெடியன்" என்றார் இராசநாயகம். "நானும் தெஸ்பாயே எண்டுதான் கூப்பிட்டனான். நீ எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லையே."

"எப்பிடிச் சொல்லுறது? சோதனை எழுத மாட்டன் எண்டு வேலையை விட்ட மனிசன் நீங்கள். உங்களோடை அங்கை போய், நான் முதல் நாளே செய்த வேலை உது."

இராசநாயகம் எழுந்து வாசல் படலையடிக்குப் போய், ரோட்டைப் பார்த்தபடி நின்றார். நான் புதிய கடதாசியில் திருத்தி அடித்துவரக் கடைக்குப் புறப்பட்டேன்.

5

இராசநாயகத்தை எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். முதல் வரைவில் அவரைச் சைக்கிளில் ஏற்றிப் பண்டத்தரிப்புப் பக்கம் போகவிட்டேன். அப்படிச் செய்தால் கதைக்கு ஒரு

இல்லை. அவர் போகவில்லை. நான் வெளியே வந்தபோதும் படலையடியில்தான் நின்றார். என்னை மறித்து, குரலைத் தாழ்த்தி, "அதிபர் சொன்னவர் எண்டதையும் போடு, பிள்ளை. அவ தலையிலை மட்டும் போடாதை" என்றார்.

இது என் கற்பனையோ என்று பின்னாளில் எனக்கே சந்தேகம் வந்தது. ஆனால் காபன் பிரதி என்னிடம் இருக்கிறது. 'அதிபரின் சொற்படி, என் கையால் மாற்றினேன்' என்று அதில் இருக்கிறது. ரீச்சர் என்னிடம் அடிக்கச் சொன்னது 'என் கையால் மாற்றினேன்' என்பது மட்டும். ஆகவே மற்றதை இராசநாயகம்தான் சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்து வைக்குமுன் அந்த வரியை வாசித்த ரீச்சர், படலைப் பக்கம் பார்த்தார். பேனையை எடுக்கக் கொஞ்ச நேரமாயிற்று.

அன்றே பதிவுத் தபாலில் போயிற்று.

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் கடதாசி பிந்திப் போய்ச் சேருகிறது. மற்றதில் தொலோசா ஒருநாள் சண்டிலிப்பாயில் பஸ்ஸை விட்டு இறங்குகிறான். முதலாவதில் கொடுமை கூட, இரண்டாவதில் சீனி கூட.

நடந்தது இதுதான். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தப் பட்டினத்திலிருந்து பதில் வந்தது: சத்தியக்கடதாசி ஏற்கப்பட்டது, அவன் பெயர் திருப்பி அனுப்பும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, அவனுடைய வழக்கை மீண்டும் கேட்பார்கள். ரீச்சர் கடைக்கே வந்து காட்டினார். இராசநாயகம் கோப்பிக்கொட்டை வறுத்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தார். கடை முழுக்க ஒரு கிழமை அந்த வாசம் நின்றது. தட்டெழுத்துப் பொறிகளின் சத்தத்துக்கு நடுவில் அந்த வாசத்தை இன்றைக்கும் என்னால்

அதற்கும் ஒரு மாதம் கழித்து தொலோசாவின் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். சத்தியக்கடதாசியின் பிரதியை அங்கே அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். பெயரை மாற்றிய கை யாருடையது என்பது அவனுக்குத் தெரியாத சங்கதியல்ல. ரீச்சர் அதை ஒப்புக்கொண்டதுதான் புதிது.

கடிதத்தை எனக்கு வாசிக்கத் தந்தார் ரீச்சர். "நீ கதை எழுதுறனியாம். உந்தக் கடிதத்தை மட்டும் எழுதிப்போடாதை" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே அந்த இரண்டு பக்கத்தையும் நீங்கள்தான் எழுத வேண்டும். வகுப்பில் ஒருநாளாவது உங்கள் பெயரை யாராவது பிழையாகக் கூப்பிட்டிருப்பார்கள்; நீங்களும் எழும்பி நின்றிருப்பீர்கள். 'ரீச்சருக்கு' என்று தொடங்குங்கள். அதற்கு முன்னால் 'அன்புள்ள' என்று போடுவதா, விடுவதா என்பது உங்கள் பாடு.