கறையைச் சொன்னால் துணி

1

கதை எழுதத் துணிந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். இதுவரை நான் எழுதியவை விடுப்பு விண்ணப்பங்கள் மட்டுமே. அவற்றிலும் பாதி நிராகரிக்கப்பட்டன. எங்கள் தேவாலயச் சமையலறையில் கெளுத்தி மீன் பொரிந்துகொண்டிருந்தபோது வெல்மா பெட்டிஃபோர்டு அம்மையார் சொன்ன செய்தி இது. அவருடைய மைத்துனர் இடையிடையே மறுத்தார். ஆகவே உண்மைக்கு நான் பொறுப்பல்ல; பிழைகளுக்கு மட்டும் பொறுப்பு.

2

தொடக்கம், முதல் முயற்சி: 1967 ஜூலையில் டெட்ராய்ட் வானத்தில் செந்நிறப் புகை மலரென விரிந்து—

(வேண்டாம். வீடு எரிந்தவர் எவரும் அதை மலர் என்று சொல்லவில்லை.)

இரண்டாம் முயற்சி: ஞாயிறு விடியலில் காவலர்கள் உரிமமில்லாத மதுக்கூடம் ஒன்றில் புகுந்து, உள்ளேயிருந்த கறுப்பர் அனைவரையும் வண்டியில் ஏற்றினர். யாரோ ஒரு புட்டியை எறிந்தார். அந்தப் புட்டி பல ஆண்டுகளாகவே காற்றில் இருந்தது என்பார் அம்மையார். கறுப்பருக்கு வாடகை கூடுதல், கூலி குறைவு, காவலரின் தடி மட்டும் இலவசம்.

3

தொப்பியும் கையுறையுமாக ஆராதனையிலிருந்து திரும்பிய வெல்மா, தம் சலவைக் கடைக் கண்ணாடியில் 'கறுப்பர் கடை' என்று சோப்பால் எழுதினார். எழுத்து சற்றே சாய்ந்திருந்தபடியால் அழித்து மறுபடி எழுதினார். கடைகளைச் சூறையாடி வந்த கூட்டம் அதைப் படித்து மரியாதையாக ஒதுங்கி, பக்கத்திலிருந்த வெள்ளையரின் மரச்சாமான் கடையைக் கொளுத்தியது. [நெருப்புக்குப் படிக்கத் தெரியாது என்பது எவருக்கும் தோன்றவில்லை.]

வார்ப்பட ஆலைத் தொழிலாளி ஹோரஸ் டில்லரி, தோளில் புத்தம்புதுத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் வந்து நின்றார். வரும் சனிக்கிழமை மகளுக்குத் திருமணம். அவர் சலவைக்குப் போட்டிருந்த சூட்டு உள்ளே தொங்கியது.

"சலவைச் சீட்டு எங்கடா?"

"வீட்டுல இருக்குக்கா. வழியில போலீஸ் நிக்குது."

"அப்ப சூட்டு கெடையாது."

"ஊரே கேக்காம அள்ளிட்டுப் போகுது. நான் என் சொந்தத் துணியக் கேட்டு நிக்கிறேன். எனக்கு மட்டும் சீட்டா?"

* அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: வாசகர் அம்மையாரைப் பிடிவாதக்காரி என்று எண்ணிவிட வேண்டாம். முன்பு நகர மையத்தில் வெள்ளையர் கடையொன்றில் அவர் இஸ்திரி போட்டார். துணி காணாமற்போனால் முதலில் கவிழ்த்துப் பார்க்கப்பட்டது அவருடைய கைப்பை. சொந்தக் கடையில் எவரும் தம்மைத் திருடி என்றுவிடக் கூடாது. அதற்காகத்தான் அந்தச் சீட்டு.

4

சுவர் சூடேறியது. துணி கேட்டு வந்தவர்களின் வரிசை நீண்டது, எவரிடமும் சீட்டில்லை. (இவ்விடத்தில் தீயணைப்பு வண்டியை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அன்றும் வரவில்லை.) வெல்மா நாற்காலிமேல் ஏறி அறிவித்தார்: சீட்டில்லாதவர் தாம் கொடுத்தபோது துணியிலிருந்த கறையைச் சொல்ல வேண்டும், உரக்க.

ஹோரஸ், இடது முழங்காலில் இறைச்சிக் குழம்பு என்றார். சூட்டு கைக்கு வந்தது. சபை மூப்பர் பெர்சிவல் ஓடம், தம் சூட்டில் கறையே இல்லை என்றார். அப்படியானால் அது அவருடையதன்று என்று கூறி, வெல்மா அடுத்தவரை அழைத்தார்.

"விஸ்கி," என்றார் மூப்பர்.

"காதுல விழல."

"விஸ்கிம்மா. மார்புல. போதுமா?"

மூப்பரின் மனைவி உட்பட வரிசை முழுவதும் ஆமென் சொன்னது.

5

தீ தாவி, கடைக் கூரை முறியும் ஓசை கேட்டபோது கொக்கியில் ஒரே ஒரு துணி மிஞ்சியிருந்தது: ஒரு காவலரின் சீருடைச் சட்டை. கைவிளிம்பில் இரத்தம்.

"அது யாரு ரத்தம்க்கா?" என்றார் ஹோரஸ்.

"தெரியாது. குடுக்க வந்தவன் மேல ஒரு கீறல்கூட இல்ல. அது தெரியும்."

வரிசை வெல்மாவைப் பார்த்தது. சட்டையை எடுத்துவந்தால் தெருவார் முகத்தில் எப்படி விழிப்பது? விட்டுவிட்டால் நாளை அந்தக் காவலர் வந்து திருடி என்பார்.

வெல்மா உள்ளே போனார்.

சட்டையோடு திரும்பியதாக அவர் சொல்கிறார். வெறுங்கையோடு என்கிறார் மைத்துனர். எந்த முடிவை எழுதினாலும் ஒருவர் எனக்கு மீன் பரிமாற மாட்டார். எனவே அன்புகூர்ந்து தாங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: எழுதுமுன் சற்று நேரம் அவ்வரிசையில் நில்லுங்கள்.

இழப்பு மட்டும் எல்லா முடிவுக்கும் ஒன்றுதான். வெல்மாவின் கடை. அதன் மாடியில் ஒரு குடும்பத்தின் வீடு. நகரத்தில் நாற்பத்து மூன்று உயிர்கள். அவற்றுள் முப்பத்து மூன்று கறுப்பருடையவை.